முரசுக்கும் ஊர் உண்டு

செய்தி மேசையில் பணியாற்றிய எவருக்கும் தெரிந்த விதியொன்று உண்டு. யார், எங்கே, எப்போது, ஏன் என்ற கேள்விகளுக்கு விடையில்லாத எழுத்து அச்சுக்குப் போவதில்லை. "ஆசியாவில் ஒருவர் பாடினார்" என்று ஒரு நிருபர் எழுதிக்கொண்டு வந்தால், எந்த ஆசிரியரும் அந்தத் தாளை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுவார். ஆனால், "ஆபிரிக்க இசை", "ஆபிரிக்க நடனம்" என்ற சொற்றொடர்களை மட்டும் நாம் எந்தக் கேள்வியும் கேளாமல் அச்சேற்றிவிடுகின்றோம். 54 நாடுகளையும் ஏறத்தாழ இரண்டாயிரம் மொழிகளையும் கொண்ட ஒரு பெருங்கண்டம் எமது வாக்கியங்களில் ஒரே ஊராகச் சுருங்கிவிடுகின்றது.

உயர்தர வகுப்பில் நாடகமும் அரங்கியலும் பயிலும் மாணவ மாணவியருக்குப் பிறநாட்டு அரங்குகள் பற்றி அவ்வப்போது உரையாற்றும் வாய்ப்பு எனக்குக் கிடைத்து வருகின்றது. கிரேக்க அரங்கு, ஷேக்ஸ்பியர், பிரெக்ட் ஆகியோரைப் பற்றி அவர்களுக்குச் சொல்வதற்கு ஆசிரியர்கள் இருக்கின்றார்கள். ஆபிரிக்கா பற்றிச் சொல்வதற்கு எவரும் அகப்படாதபோதே என்னை அழைத்தார்கள். அந்த வகுப்புகளுக்காக வாசித்தவையும், வகுப்பில் நடந்தவை எனக்குக் கற்பித்தவையும் இக்கட்டுரைக்குக் காரணமாயின.

முதல் வகுப்பில் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, ஆபிரிக்கக் கலை என்றதும் மனதில் தோன்றும் ஐந்து சொற்களை எழுதச் சொல்வேன். காடு, சிங்கம், பறை, இலையாடை, பசி. சொற்களின் வரிசை மாறும். சொற்கள் அதிகம் மாறுவதில்லை. இதில் பிள்ளைகளின் குற்றம் எதுவுமில்லை. எங்கள் பாடசாலைகளின் இல்ல விளையாட்டுப் போட்டிகளிலே, வினோத உடை நிகழ்ச்சியிலே, முகத்தில் கரி பூசி இடுப்பில் இலைகளைக் கட்டிக்கொண்டு கூச்சலிட்டுத் துள்ளுவதை "ஆபிரிக்க நடனம்" என்று ஒலிபெருக்கியில் அறிவித்துக் கைதட்டி வந்திருக்கின்றோம். அந்தக் கூச்சல் எந்த மொழி, அந்தத் துள்ளல் எந்தச் சடங்கு என்று எவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் விடை கிடைத்திருக்காது. ஏனெனில் அப்படியொரு நடனம் எந்த ஊரிலும் இல்லை.

ஆகவே வகுப்பை நான் அவர்களுக்கு ஏற்கனவே தெரிந்த ஒரு பாடலிலிருந்து தொடங்குகின்றேன். சிங்கம் உறங்குவதைப் பற்றிய அந்த மெட்டை, 1994 இல் வெளிவந்த 'த லயன் கிங்' திரைப்படத்தின் மூலம் அறியாத பிள்ளை அரிது. இதனை இயற்றியவர் யார் என்று கேட்டால் வகுப்பு மௌனமாகிவிடும். அவரது பெயர் சொலமன் லிண்டா. தென்னாபிரிக்காவின் சூலு இனத்தவர். 1939 இல் ஜொஹானஸ்பேர்க்கில் தமது குழுவினருடன் 'ம்பூபே' என்ற பாடலை ஒலிப்பதிவு செய்தார். சூலு மொழியில் ம்பூபே என்றால் சிங்கம். பாடலின் உரிமையைச் சில ஷில்லிங்குகளுக்கு இசைத்தட்டு நிறுவனத்திடம் கொடுத்துவிட்டார். அந்த இசைத்தட்டு கடல் கடந்து அமெரிக்கா சென்றது. அங்கே மூலச் சொல் தவறாகக் காதில் விழுந்து 'விமோவே' என்ற பெயரில் 1950களின் தொடக்கத்தில் புகழ்பெற்றது. 1961 இல் ஆங்கில வரிகளைப் பெற்று உலகெங்கும் பரவியது. லிண்டா 1962 இல் வறுமையில் இறந்தார். அவரது பிள்ளைகள் சார்பில் தொடரப்பட்ட வழக்கு 2006 இல்தான் இணக்கத் தீர்வுடன் முடிவடைந்தது.

இந்தக் கதையைக் கேட்ட பின்னர் மாணவர்களின் முகபாவம் மாறிவிடும். பெயரில்லாத பாட்டு என்பது பெரும்பாலும் பெயர் பறிக்கப்பட்ட பாட்டு என்பதை அவர்கள் விளங்கிக்கொள்கின்றார்கள். "பாரம்பரியப் பாடல்", "நாட்டார் இசை" என்ற பொதுப் பெயர்களுக்குப் பின்னால் ஊதியம் பெறாத ஒரு மனிதர் நிற்கக்கூடும். செய்தி மேசையின் 'யார்' என்ற கேள்வி இங்கே நீதியைப் பற்றிய கேள்வியாக மாறிவிடுகின்றது.

அடுத்து நாங்கள் கானாவுக்குச் செல்கின்றோம். இதற்குக் காரணமிருக்கின்றது. ஆபிரிக்கக் கலைகளை மாணவர்களுக்கு அறிமுகம் செய்வது எப்படி என்ற கேள்வியை எங்களுக்கு முன்னரே ஆபிரிக்கர்கள் தமக்குத் தாமே கேட்டிருக்கின்றார்கள். அந்தக் கேள்வி மிகத் தெளிவாகக் கேட்கப்பட்ட இடங்களில் ஒன்று அக்ரா நகரத்துக்கு அருகேயுள்ள லெகோன் பல்கலைக்கழக வளாகம்.

குடியேற்ற ஆட்சிக்காலத்தில் மிஷன் பாடசாலைகளில் படித்த பிள்ளைகள் பியானோவிலே தேவகீதங்களை வாசிக்கக் கற்றார்கள். தமது ஊரின் முரசைத் தொடுவது படிப்பறிவில்லாதவர்களின் வேலையெனவும், புறச்சமயச் செயலெனவும் அவர்களுக்குச் சொல்லப்பட்டது. அக்ரோபொங் என்னுமிடத்திலிருந்த பிரெஸ்பிற்றேரியன் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இசை கற்பித்த எஃப்ராயிம் அமு, இதனை ஏற்க மறுத்த முன்னோடி. அவர் தமது மொழியில் பாடல்களை இயற்றினார். மூங்கில் குழலைப் பிள்ளைகளின் கைகளில் கொடுத்தார். தேவாலயத்தில் பிரசங்கம் செய்யச் சென்றபோது ஐரோப்பிய அங்கியைத் தவிர்த்துத் தமது மக்களின் ஆடையை அணிந்து நின்றார். 1933 இல் அவர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். சொந்த மக்களின் உடையிலும் இசையிலும் நிற்பதற்கு ஓர் ஆசிரியர் கொடுத்த விலை அது.

அதே கல்லூரியில் பின்னர் படித்தவர்தான் குவாபெனா நிக்கெத்தியா. 1921 இல் அஷாந்தி பிரதேசத்தின் மம்பொங்கில் பிறந்த இவர், லண்டனில் மொழியியல் பயின்றார். இசையை அவர் மொழியின் வாசலூடாக அணுகினார் என்பதை நான் மாணவர்களுக்கு அழுத்திச் சொல்வதுண்டு. 1955 இல் வெளிவந்த அவரது நூல் அக்கான் மக்களின் ஒப்பாரிகளைப் பற்றியது. 1952 இல் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஆய்வாளராகச் சேர்ந்த நாள் முதல் மரண வீடுகளுக்கும் அரசவைகளுக்கும் திருவிழாக்களுக்கும் ஒலிப்பதிவுக் கருவியுடன் அலைந்தார். 1957 இல் நாடு சுதந்திரமடைந்த பின்னர், 1962 இல் லெகோனில் இசைக்கும் நாடகத்துக்குமான கல்விக்கூடமொன்று ஆரம்பமானபோது, அந்த அலைச்சலின் பயன் பாடத்திட்டமாக மாறியது. பட்டமோ சான்றிதழோ இல்லாத கிராமத்து முரசுக் கலைஞர்கள் பல்கலைக்கழகத்தினுள் ஆசான்களாக வந்து அமர்ந்தார்கள். எங்கள் அண்ணாவிமார் விரிவுரை மண்டபத்தில் அமர்ந்து பட்டதாரிகளுக்குப் பாடம் சொல்லும் காட்சியைக் கற்பனை செய்து பார்த்தால், அதன் கனதி விளங்கும்.

அக்கான் மக்களின் அத்தும்பன் என்பது உயர்ந்த ஒலியுடைய ஒரு முரசும் தாழ்ந்த ஒலியுடைய ஒரு முரசும் சேர்ந்த இணை. அவர்களின் துவி மொழியில் ஒரே எழுத்துகளைக் கொண்ட சொல், குரல் உயர்ந்தும் தாழ்ந்தும் ஒலிப்பதால் வேறு வேறு பொருள் தரும். அந்த ஏற்ற இறக்கங்களையே இரு முரசுகளும் எடுத்து ஒலிக்கின்றன. முரசு 'பேசுகின்றது' என்பது ஆகவே உவமை அன்று, வாக்கியமே முழங்கப்படுகின்றது. நைஜீரியாவின் யொரூபா மக்களிடம் உடுக்கை வடிவிலான துன்துன் உண்டு. அக்குளில் இடுக்கிக்கொண்டு கயிறுகளை அழுத்தித் தளர்த்தி மொழியின் தொனிகளை அதில் எழுப்புவார்கள்.

அப்படியானால் ஒரே தொனியமைப்புடைய இரு சொற்களைக் கேட்பவர் எவ்வாறு பிரித்தறிவார்? மாணவர்கள் தவறாமல் கேட்கும் நல்ல கேள்வி இது. இதற்கான விடையை, கொங்கோவில் லொக்கெலே மக்களிடையே வாழ்ந்த ஜோன் கரிங்டன் 1949 இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். முரசு தனிச்சொல்லை ஒலிப்பதில்லை. அந்தச் சொல்லுடன் வழக்கமாக வரும் நீண்ட அடைமொழித் தொடரையும் சேர்த்தே ஒலிக்கும். தொடர் நீள நீளக் குழப்பம் குறையும். எனவே முரசைக் கேட்டு விளங்குவதற்கு மொழி தெரிந்திருத்தல் மாத்திரம் போதாது. அந்த மக்களின் இலக்கிய மரபும் தெரிந்திருக்கவேண்டும். எங்களிடம் மத்தளம் பேசுவதை வாய் சொற்கட்டாகச் சொல்லும். அங்கே வாய் பேசுவதை முரசு சொல்லும்.

சொல்லிக் கொடுப்பதோடு நின்றுவிட்டால் இசை வகுப்பு இசை வகுப்பாகாது. ஆகவே மேசைகளை ஒதுக்கிவிட்டு ஒரு பயிற்சி செய்கின்றோம். கானாவின் தென்கிழக்கிலும் அண்டை நாடான டோகோவிலும் வாழும் ஏவே மக்களின் இசையில் கங்கோகுயி என்ற இரும்பு மணி வழிகாட்டியாக நிற்கும். பன்னிரண்டு நுண்ணடிகள் கொண்ட வட்டத்தில் அது ஏழு முறை ஒலிக்கும்: 1, 3, 5, 6, 8, 10, 12. இதனைக் கையால் தட்டிக்கொண்டே 1, 4, 7, 10 ஆகிய இடங்களில் காலை எடுத்து வைக்கவேண்டும். காலும் கையும் சந்திக்கும் இடங்கள் இரண்டு மாத்திரமே. கர்நாடக இசை பயின்ற பிள்ளைகள்கூட முதலில் தடுமாறுவார்கள். "சேர், இது எட்டுக்குள்ளும் அடங்கவில்லை, ஏழுக்குள்ளும் அடங்கவில்லையே" என்று ஒரு மாணவி சொன்னாள். அவள் சொன்னது சரி. கணக்குப் போடும்வரை அது அடங்காது. நடக்கத் தொடங்கினால் அடங்கும். அரைமணி நேரத்தில் அவளே மற்றவர்களுக்குக் காலடியைக் காட்டிக்கொடுத்தாள்.

அந்த மணிக்கு மேல் குடுக்கையில் மணிகள் கோத்த அக்சாட்சே, ககனு, கிடி, சோகோ என ஒவ்வொரு கருவியும் தனக்குரிய அடியுடன் வந்து சேரும். தலைமை முரசு ஆட்டக்காரர்களை நோக்கிக் கட்டளையிடும்; அவர்கள் உடலால் மறுமொழி கூறுவார்கள். எவருடைய அடியும் தனியே கேட்டால் முழுமையற்றது. பக்கத்திலிருப்பவரின் அடியோடு பொருந்தும்போதுதான் அது இசையாகின்றது. "காட்டுக் கூச்சல்" என்று எண்ணியிருந்த பிள்ளைகளுக்கு, இது எவ்வளவு கணக்கும் கட்டுப்பாடும் கொண்ட கலை என்பதை உள்ளங்கையின் சிவப்பே உணர்த்திவிடுகின்றது. 1970 இல் அமெரிக்க இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைக் கானாவுக்குச் சென்று, கிடியோன் அலொர்வொயி என்ற முரசுக் கலைஞரிடம் பயின்று திரும்பிய பின்னர் 'ட்ரம்மிங்' என்ற நீண்ட இசைப்படைப்பை ஆக்கினார் என்பதையும் சொல்வேன். கற்றவரின் பெயரைச் சொல்லும்போது கற்பித்தவரின் பெயரையும் சொல்லவேண்டும் என்பது எமது வகுப்பின் விதி.

நடனத்துக்கு வருவோம். அஷாந்தி மக்களின் அடோவா, மரண வீடுகளில் ஆடப்படும் ஆட்டம். அதில் கைகள் பேசும். அக்கான் ஆட்டக்காரர் கையை வானை நோக்கி உயர்த்தினால் இறைவனை நோக்குகின்றேன் என்று பொருள். சுட்டுவிரலைத் தலையில் வைத்தால் இது நான் ஆழ்ந்து சிந்திக்கவேண்டிய விடயம் என்று பொருள். கண்ணுக்குக் கீழே வைத்தால், சொல்வதற்கு எதுவுமில்லை, நடப்பதைப் பார்த்திருக்கின்றேன் என்று பொருள். இவற்றை நிக்கெத்தியா தமது 1974 ஆம் ஆண்டு நூலான 'ஆபிரிக்காவின் இசை'யில் விளக்கியிருக்கின்றார். பரதம் பயின்ற மாணவியர் இதனை அபிநயம் என்று உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். ஆயினும், இங்கே ஆடுபவர் ஒரு பாத்திரமாக நடிக்கவில்லை. இறந்தவருக்காகத் தமது சொந்தத் துயரத்தைச் சபையின் முன் வைக்கின்றார். இந்த வேறுபாட்டை விளங்கிக்கொள்ளாமல் அடோவாவை அசைவுகளாக மட்டும் பயின்றால், ஒப்பாரியைச் சங்கீதப் பயிற்சியாகப் பாடுவதைப் போலாகிவிடும்.

இந்தச் சிக்கலை லெகோனில் நேருக்கு நேர் சந்தித்தவர் அல்பேர்ட் மவேரே ஒபொக்கு. 1962 இல் நிக்கெத்தியாவுடன் இணைந்து கானா நடனக் குழுவை உருவாக்கியவர் அவர். அஷாந்தி இளைஞன் ஏவே ஆட்டத்தையும், ஏவே பெண் வடபுலத்து டகோம்பா மக்களின் ஆட்டத்தையும் கற்கவேண்டியிருந்தது. புதிதாகச் சுதந்திரம் பெற்ற ஒரு நாட்டில் பல இனத்தவர் ஒருவரது உடல்மொழியை மற்றவர் பயில்வது சாதாரண விடயமன்று. ஆனால், ஊரில் இரவு முழுவதும் வட்டமாக நின்று எல்லோரும் பங்குகொள்ளும் ஆட்டத்தை, மேடையில் சில நிமிடங்களுக்குள், ஒரு திசையில் அமர்ந்திருக்கும் பார்வையாளருக்காக ஆடும்போது எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது? வட்டக்களரியில் ஆடிய கூத்தைப் படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்த எமது அனுபவத்தை அறிந்த மாணவர்களுக்கு இந்தக் கேள்வியை விளக்கவேண்டியதில்லை.

பாரம்பரியம் என்றால் ஆயிரம் ஆண்டுப் பழமை என்ற எண்ணத்தைக் கலைப்பதற்கு ப்பன்லோகோவைச் சொல்வேன். இன்று கானாவின் பாரம்பரிய ஆட்டங்களுள் ஒன்றாகக் கற்பிக்கப்படும் அது, 1960களின் தொடக்கத்தில் அக்ராவின் கா இன இளைஞர்கள் உருவாக்கியது. அக்காலத்துப் பெரியவர்களுக்கு அது ஒழுக்கக்கேடாகத் தோன்றியதாம். இந்த இடத்தில் வகுப்பில் சிரிப்பு எழும். தமது தாளங்களையும் பெரியவர்கள் அப்படித்தான் சொல்கின்றார்கள் என்பது அவர்களது முறைப்பாடு.

நாடகத்தில் எஃபுவா சதர்லண்டின் பணி தனித்துவமானது. 1924 இல் கேப் கோஸ்ட் நகரில் பிறந்த அவர், 1961 இல் அக்ராவில் நாடகக் கலையகமொன்றைத் திறந்தார். ஆனால் அவரது தேடல் நகரத்தோடு நிற்கவில்லை. எக்கும்ஃபி அட்வியா என்ற கிராமத்தின் மக்கள் கதைசொல்வதில் வல்லவர்கள். அங்கே அவர்களுடன் சேர்ந்து 'கொட்சிடான்', அதாவது கதைவீடு, என்ற மண்டபத்தை எழுப்பினார். அந்த மரபிலே கதைசொல்பவர் கதையை நடத்திச் செல்லும்போது, கேட்டுக்கொண்டிருப்பவர் எழுந்து இடைமறித்து ஒரு பாட்டைத் தொடங்கலாம். எல்லோரும் சேர்ந்து பாடி ஆடிய பின்னர் கதை தொடரும். ம்போகுவோ எனப்படும் இந்த இடைப்பாட்டு, கதை இழுபடும்போது அதனைத் தூக்கி நிறுத்தும். கதைசொல்பவருக்குச் சபை கொடுக்கும் விமர்சனமும் அதுவே. 1975 இல் வெளிவந்த 'அனன்சேவாவின் திருமணம்' என்ற நாடகத்தில், சிலந்தி வடிவத் தந்திரசாலியான அனான்சேயின் கதையை அவர் இந்த அமைப்பிலேயே எழுதினார். இதை வகுப்பில் செய்து பார்ப்பது எளிது. ஒருவர் கதை சொல்ல, சலிப்பு ஏற்படும் இடத்தில் எவரும் பாட்டுடன் எழலாம். இசை எங்கே முடிகின்றது, நடனம் எங்கே தொடங்குகின்றது, நாடகம் எது என்று பிரிக்க முயன்று தோற்பதே அன்றைய பாடம்.

இவ்வளவு நேரமும் கலையைப் பற்றித்தான் பேசினோம். கலைக்காகச் சிறை சென்றவர்களைப் பற்றிப் பேசாமல் இந்த அறிமுகம் முற்றுப்பெறாது.

நைஜீரியாவில் ஹியூபேர்ட் ஒகுண்டே, முரசும் பாட்டும் ஆட்டமும் கலந்த யொரூபா மொழி நாடகங்களை ஊர் ஊராகக் கொண்டுசென்றவர். 1945 இல் அவர் தொடங்கிய தொழில்முறைக் குழுவுக்கு வைத்த பெயரே 'ஆபிரிக்க இசை ஆய்வுக் குழு' என்பதாகும். 1964 இல் அவர் மேடையேற்றிய 'யொரூபா ரோனு', அதாவது 'யொரூபாக்களே, சிந்தியுங்கள்', அன்றைய மேற்குப் பிராந்திய அரசுக்குச் சுட்டது. அவரது குழு அப்பிராந்தியத்தில் தடைசெய்யப்பட்டது. 1966 இல் ஆட்சி மாறிய பின்னரே தடை நீங்கியது. 1986 இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசைப் பெற்ற வோலே சொயிங்காவின் 'மரணமும் அரசனின் குதிரை வீரனும்' 1975 இல் வெளிவந்தது. ஓயோவில் நடந்த சம்பவமொன்றைத் தழுவியது. இதனை வெறும் 'கலாசார மோதல்' என்று சுருக்கிவிடவேண்டாம் என்று ஆசிரியரே முன்னுரையில் எச்சரித்திருக்கின்றார். மாணவர்கள் பரீட்சையில் எழுதத் துடிக்கும் சொற்றொடரும் அதுவே என்பதால் இந்த எச்சரிக்கையை நான் இருமுறை சொல்வேன். அந்த நாடகத்தில் முரசு பின்னணி அன்று. மரணத்தை நோக்கி நடக்கும் மனிதனோடு முரசு பேசிக்கொண்டேயிருக்கின்றது.

கென்யாவின் கதை இன்னும் நேரடியானது. 1968 இல் நைரோபிப் பல்கலைக்கழகத்தில் கூகி வா தியோங்கோ, ஹென்றி ஒவோர் அன்யும்பா, தபான் லோ லியோங் ஆகிய மூவரும், ஆங்கிலத் துறையை ஒழித்துவிட்டு ஆபிரிக்காவை மையமாகக் கொண்ட துறையை அமைக்கவேண்டும் என்று எழுத்தில் கோரினார்கள். வாய்மொழி மரபும் பாடமாகவேண்டும் என்பது அவர்களின் வாதம். அந்த வாதத்தைக் கூகி 1977 இல் வகுப்பறைக்கு வெளியே நடத்திக் காட்டினார். லிமுரு பகுதியிலுள்ள கமிரீத்து கிராமத்தில், தேயிலைத் தோட்டங்களிலும் சப்பாத்துத் தொழிற்சாலையிலும் கூலிவேலை செய்தவர்கள் சேர்ந்து ஒரு திறந்தவெளி அரங்கைத் தமது கைகளால் கட்டினார்கள். கூகியும் கூகி வா மிரீயும் கிக்கூயு மொழியில் எழுதிய 'விரும்பும்போது மணம் முடிப்பேன்' என்ற நாடகத்தின் ஒத்திகைகள் வெட்டவெளியில் நடந்தன. பார்க்க வந்த முதியவர்கள் பேச்சு வழக்கைத் திருத்தினார்கள். பாட்டும் ஆட்டமும் தம் காலத்தில் எவ்வாறு இருந்தன என்று எழுந்து செய்து காட்டினார்கள். பேராசிரியர் மாணவராகவும் கிராமத்தவர் ஆசிரியராகவும் மாறினர். அந்த ஆண்டு ஒக்டோபரில் மேடையேறிய நாடகத்தின் அனுமதி நவம்பர் 16 அன்று இரத்துச் செய்யப்பட்டது. டிசெம்பர் 31 அன்று கூகி கைது செய்யப்பட்டு, விசாரணையின்றி ஏறத்தாழ ஓராண்டு தடுத்து வைக்கப்பட்டார். 1982 மார்ச்சில் அந்தத் திறந்தவெளி அரங்கைப் பொலிசார் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள்.

குடியேற்ற ஆட்சி முடிந்து பதினான்கு ஆண்டுகளின் பின்னர், ஆங்கில நாடகங்கள் நைரோபியில் தடையின்றி நடந்துகொண்டிருந்த காலத்தில் இது நடந்தது. மக்கள் தம் மொழியில், தம் பாட்டில், தம் ஆட்டத்தில், தமது கூலியைப் பற்றிப் பேசியதே குற்றமாயிற்று. மலையகத்திலிருந்து வந்திருந்த ஒரு மாணவன், அங்கே ஒரு நாள் கூலி எவ்வளவு என்று கேட்டான். அதுவரை எவரும் கேட்காத கேள்வி. அந்த நாடகமும் அந்தக் கேள்வியைத்தான் கேட்டது என்றேன்.

கடைசி வகுப்பில் நாங்கள் வீட்டுக்குத் திரும்புகின்றோம். ஆபிரிக்கா எமக்குத் தூரத்துக் கண்டம் அன்று. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் அடிமைகளாகவும் படையினராகவும் இலங்கைக்குக் கொண்டுவந்த ஆபிரிக்கர்களின் வழித்தோன்றல்கள் புத்தளத்துக்கு அருகே சிரம்பியடியில் வாழ்கின்றார்கள். 'மன்ஜா' என்ற அவர்களின் பாடல்கள் போர்த்துக்கேயக் கிரியோல் மொழியில் அமைந்தவை. குறுகிய வரிகள் திரும்பத் திரும்ப வர, மெதுவாகத் தொடங்கி வேகமெடுத்து ஆட்டமாக மாறும். போத்தல், கரண்டி, சிரட்டை ஆகியனவும் அங்கே தாளக் கருவிகள். அந்த மொழி இளந்தலைமுறையின் வீட்டுப் பேச்சிலிருந்து மறைந்துவிட்டது. பாட்டில் மாத்திரம் எஞ்சியிருக்கின்றது. நாம் திருமண வீடுகளில் ஆடும் பைலாவின் மூதாதையான கப்ரிஞ்ஞாவின் பெயரிலேயே அவர்களின் இனப்பெயர் ஒளிந்திருக்கின்றது.

அந்த இனப்பெயரைப் பற்றியும் பேசவேண்டியிருக்கின்றது. காப்பிரி என்பது இலங்கையில் அம்மக்கள் தம்மைக் குறிக்கவும் வழங்கும் பெயர். தென்னாபிரிக்காவிலோ அதே சொல் மிகக் கொடிய வசை. எங்கள் ஊர்களில் சுருட்டை முடியும் கருநிறமும் உள்ள பிள்ளையைக் 'காப்பிலி' என்று கேலி செய்யும் வழக்கமும் மறைந்துவிடவில்லை. அந்தச் சொல்லை வகுப்பில் எடுத்தபோது சிலர் தலைகுனிந்தார்கள். ஒரு பிள்ளை, தன்னை வீட்டிலேயே அப்படி அழைப்பார்கள் என்று தாழ்ந்த குரலில் சொன்னது. சற்று நேரம் எவரும் பேசவில்லை. முகத்தில் கரி பூசும் வினோத உடையைப் பற்றி அதற்குப் பின்னர் நான் விளக்கவேண்டியிருக்கவில்லை.

இத்தகைய வகுப்புகளை நடத்த விரும்பும் ஆசிரியர்கள் பலர் தமிழ்கூறும் நாடெங்கும், புலம்பெயர்ந்த தேசங்களிலும் இருப்பார்கள். அவர்களுக்குச் சொல்லக்கூடியது சிறிதே. கண்டம் முழுவதையும் ஒரு தவணையில் காட்ட முயலவேண்டாம். ஒரு மக்கள் கூட்டத்தின் ஒரு தாளம், ஒரு ஆட்டம், ஒரு நாடகம் போதும். அது எந்த ஊருடையது, எந்த மொழியில் பிறந்தது, எந்த நிகழ்வுக்கு உரியது, யார் கற்பித்தது என்ற நான்கையும் தவறாமல் சொல்லவேண்டும். வேடம் கட்டவேண்டியதில்லை, கையும் காலும் காதும் போதும். இரண்டு நாட்டவர் உங்கள் வகுப்பில் இருந்தால், அவர்களில் ஆபிரிக்கப் பிள்ளையிடம் 'உங்கள் நடனத்தை ஆடிக் காட்டு' என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். நைரோபியில் பிறந்த பிள்ளைக்கு அடோவா தெரிந்திருக்க நியாயமில்லை.

சதர்லண்ட் 1996 இலும், ஒபொக்கு 2002 இலும், நிக்கெத்தியா 2019 இலும், கூகி 2025 மே மாதத்திலும் மறைந்துவிட்டார்கள். நிக்கெத்தியா ஊர் ஊராகச் சென்று சேகரித்த ஒலிப்பதிவுகள் அவர் பெயராலேயே அமைந்த ஆவணக்காப்பகத்தில் லெகோனில் பேணப்படுகின்றன. அவற்றில் பதிவான ஒவ்வொரு முரசுக்கும் ஓர் ஊர் இருக்கின்றது. அதை முழக்கிய ஒரு மனிதர் இருக்கின்றார். எங்கள் பிள்ளைகள் அந்த ஊரின் பெயரையும் அந்த மனிதரின் பெயரையும் உச்சரிக்கப் பழகினால், தம் அயலில் நிற்கும் மனிதரையும் பெயர் சொல்லி அழைக்கப் பழகிவிடுவார்கள்.